பத்து டிகிரியில் ஊதிய சங்கு

குன்னூர் கடையில் இந்த லேப்டாப்பை எடுத்தபோதே சொன்னார்கள்:
முக்காற்புள்ளி விசையை மட்டும் ஓங்கி அமுக்கணும்.
பைதானில் அது எத்தனை முறை வருமென்று
விற்றவருக்கும் தெரியாது, எனக்கும்.

கேரட் கழுவும் ஷெட்டில் வேலை முடிந்து
விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்ப
அரை மணி நேரமாகும்.
அதற்குள் அடித்ததெல்லாம் பிழை.
ஒன்பதாவது வரியில் தவறு என்று திரை சொல்லும்,
தவறு எட்டாவது வரியில் உட்கார்ந்திருக்கும்.
இதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம்.

வீடியோவில் வந்தவன் வேகமாகப் பேசினான்.
நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.
மூடிவிட்டுத் தனியாக எழுதப் பார்த்தால்
தலையாட்டியது மட்டும் நினைவிருந்தது.
அப்புறம் பார்ப்பதில்லை.
அடிப்பேன். உடையும். அடிப்பேன்.

இடம் விட்டு எழுதுவது மட்டும் உடனே வந்தது.
கேத்திச் சரிவில் பிறந்தவளுக்கு அதையா சொல்லித்தரணும்?
எந்த வரி எதன் கீழே நிற்கிறதோ
அங்கிருந்து இறங்கும் தண்ணீர்தான் அதற்கு.
ஒரு படி தள்ளி நின்றால்
மழை அடுத்தவன் பாத்திக்குப் போய்விடும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்:
உருளைக்கிழங்குப் பாத்தியில் ஒரு சென்சார்.
இரண்டு டிகிரிக்குக் கீழே போனால் சங்கு ஊதணும்,
பனி இலையைக் கருக்கும் முன்
எழுந்து தண்ணீர் அடிக்கணும்.
டிசம்பர் பன்னிரண்டு, 'பனி நாலு' என்ற கோப்பு
ஒரு எரரும் இல்லாமல் ஓடியது.
அடுப்படியில் தனியாகக் கைதட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்தரை, நல்ல வெயில்.
சங்கு ஊதியது.
கீழ்ப்பாத்தியிலிருந்து போஜ கவுடர்
ஓஸ் குழாயோடு ஓடி வந்தார்.
வெயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"யாருக்கம்மா ஊதறே?"

பத்து டிகிரிக்கு ஊதியது, பதினொன்றுக்கு ஊதியது,
பதினெட்டிலும் நிற்கவில்லை.
சாயங்காலம் ஒன்பதுக்கு இறங்கியதும்
கப்பென்று அடங்கியது.

நாலு நாள் இப்படி.
தர்மன் ஒயரைப் பிடுங்கிப் போடச் சொன்னான்.
ஷெட்டில் ஃபிலோமினா தினமும் கேட்டாள்,
"இன்னிக்கு எத்தனை மணிக்கு?"
ஐந்தாம் நாள் ராத்திரி ஒவ்வொரு வரிக்கும் கீழே
'கையில் என்ன வைத்திருக்கிறாய், காட்டு'
என்று எழுதி ஓடவிட்டேன்.
காட்டியது.
மேற்கோள் குறிகளுக்குள் பத்து.

அது எண் இல்லை, எழுத்து.
அகராதியில் அடுக்குவதுபோல் அடுக்கியிருக்கிறது:
ஒன்றில் தொடங்குவது இரண்டுக்கு முன்னால்.
அதன்மேல் தப்பே இல்லை.
எண்ணாக எடுத்துக்கொள் என்று நான்தான் சொல்லவில்லை.
ஒரே ஒரு சொல் சேர்த்தேன், ஊமையானது.
அந்தச் சொல்லைப் பாடத்தில் மூன்றாம் பக்கத்திலேயே
படித்திருந்தேன்.
படித்தபோது அதன் பின்னால்
ஓஸ் குழாயோடு யாரும் ஓடி வரவில்லை.

ஜனவரி மூன்று. நிரலில் ஒரு குறையும் இல்லை.
விடிகாலை நாலு மணிக்குக் கரண்ட் போனது.
லேப்டாப்பின் பேட்டரி நான் வாங்கும்போதே செத்தது.
சங்கு ஊதவில்லை, நான் தூங்கினேன்.
ஆறரைக்குப் போனால் எங்கும் வெள்ளை.
வெயில் ஏறியதும் ஓடையோரம் மூன்று பாத்தி
வெந்த கீரைபோலத் தொங்கியது.

போஜ கவுடருக்கு இரண்டு போயிருந்தது.
என் சங்கை நம்பித் தூங்கிவிட்டாராம்.
திட்டட்டும் என்று நின்றேன்.
போய்விட்டு மதியம் வந்தார்,
தோளில் ஒரு பழைய ஜீப் பேட்டரி.
"இதை எங்கே கொடுக்கணும்?"
தெரியாது என்றேன்.
அவர் அதைத் தரையில் வைத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

புதிய கோப்பு. பெயர்: பனி ஏழு.
முதல் வரி,
கரண்ட் இல்லை என்றால்

முக்காற்புள்ளியை ஓங்கி அமுக்கினேன்.